மருத்துவமனையில் உறவினர் கடமை

(விருத்தாசலத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றியும் பாசனத்தைப் பற்றியும் சாலைகளைப் பற்றியும் நாம் இத்தகைய கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். இன்று சற்று வேறான பொருளை எடுத்துக்கொள்வோம். நம் உறவினர் ஒருவர் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கிறார். அவரைப் பார்க்க நாம் போகிறோம். அப்பொழுது நாம் செய்வது என்ன, செய்ய வேண்டியது என்ன என்பதே இன்றைய பொருள். இதனைச் சிறிய செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். ஓர் உழவர் ஒன்றிரண்டு மாதங்களில் தேறிக் கழனிக்கு வருவதும், வெகு நாள் படுத்துக் கடனாளியாவதும் பல சமயங்களில் இதனைப் பொறுத்தே இருக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஓர் ஆவணி மாதத்தில் எங்கள் சிறிய தந்தையாருக்குக் குடலிறக்கத்துக்காக விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மணிலா மூட்டைகளை முதுகில் ஏற்றிப் பழகிய உடம்பு அது. அடிவயிற்றில் வீக்கம் கண்ட பிறகும் இரண்டு ஆண்டுகள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தார். வலி பொறுக்க முடியாத நிலை வந்த பின்புதான் மருத்துவரிடம் போனார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி அன்று மாலையே ஊருக்கு எட்டியது. மறுநாள் காலையில் நாங்கள் பதினொரு பேர் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். தூக்கு நிறைய இட்டிலி, ஒரு சீப்பு வாழைப்பழம், பழமலைநாதர் கோயில் திருநீறு, பேரனைப் பார்த்தால் மகிழ்வார் என்று சளி பிடித்திருந்த ஒரு குழந்தை, இவ்வளவும் எங்களுடன் வந்தன.

வார்டு வாசலிலேயே செவிலி அம்மையார் எங்களை நிறுத்தினார். "ஐயா, நீங்கள் அன்பினால் வந்திருக்கிறீர்கள். ஆனால் அவருக்கு நேற்றுத்தான் அறுத்துத் தைத்திருக்கிறார்கள். பெரியவர்களில் இருவர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள். குழந்தை வேண்டாம்" என்றார். எங்கள் பெரிய தந்தையாருக்குக் கோபம் வந்துவிட்டது. "உடன்பிறந்தவனைப் பார்க்கக் கூடாதா, அம்மா?" என்று கேட்டார். அந்த அம்மையார் குரலை உயர்த்தவில்லை. "தாராளமாகப் பாருங்கள், பெரியவரே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?" என்றார். எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

சுவரோரத்தில் இருந்த பீங்கான் தொட்டியில் சோப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு இருவர் உள்ளே சென்றோம். சிறிய தந்தையார் விழித்திருந்தார். வலி எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார்: "மணிலாவுக்கு மண் அணைத்தாயிற்றா?"

உழவர்களாகிய உங்களுக்கு அக்கேள்வியின் பாரம் தெரியும். ஆடிப் பட்டத்தில் விதைத்த மணிலாவுக்கு அன்று நாற்பத்தைந்தாம் நாள். பூவிலிருந்து இறங்கும் விழுதுகள் மண்ணுக்குள் புகுந்து காய் பிடிக்க வேண்டிய தருணம். ஏக்கருக்கு 160 கிலோ வீதம் ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். இரண்டு நாள் முன்னர் பெய்த மழையில் மண் பதமாக இருந்தது. அப்பதம் போய்விட்டால் விழுது இறங்காது. இரண்டு ஏக்கர் வெள்ளாமை அந்த ஒரு வாரத்தில் இருந்தது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஏழு பேர் அவ்வேனில் வந்திருந்தோம். ஒருவருக்கும் அந்நினைவு வரவில்லை. நாங்கள் பேசாமல் நின்றதைப் பார்த்து அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்பு காட்டப் போன இடத்தில் நாங்கள் கொடுத்தது கவலை. நம்மிடம் அன்புக்குக் குறைவில்லை. அதனைக் காட்டும் முறையைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கை கழுவுதல்

நோயாளியைத் தொடுமுன் கை கழுவச் சொல்வதைச் சிலர் அவமதிப்பாகக் கருதுகின்றனர். நம் கையில் அழுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே என்று மனம் நோகின்றனர். இந்த மனக்குறை மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணிபுரிந்தார். அங்கே மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில், 1846 ஆம் ஆண்டில் நூறு தாய்மார்களில் ஏறத்தாழப் பதினொருவர் இறந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையுடன் பிரசவம் பார்ப்பதே காரணம் என்று அவர் கண்டார். 1847 இல் எல்லோரும் சுண்ணாம்பும் குளோரினும் சேர்ந்த தூளைக் கரைத்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். 1848 இல் இறந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர். அந்தத் தூள் வேறொன்றுமன்று. நம் ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் கலக்கும் பிளீச்சிங் பவுடரேதான் அது.

ஆயினும் அக்கால மருத்துவர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. தங்கள் கை நோயைக் கொண்டுவருகிறது என்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1865 இல் அவர் மனமுடைந்த நிலையில் காலமானார். அதே ஆண்டில் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் துடைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். புண்ணில் சீழ் பிடிப்பது விதியன்று, கிருமியின் செயல் என்பது அதன் பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. எனவே கை கழுவச் சொன்னால் நாம் வருந்த வேண்டியதில்லை. அறுவை மருத்துவர் நாள்தோறும் செய்வதையே நம்மையும் செய்யச் சொல்கிறார்கள்.

கழனியிலிருந்தோ மாட்டுத் தொழுவத்திலிருந்தோ நேரே போக வேண்டாம். குளித்து, துவைத்த துணி உடுத்திப் போகலாம். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் வீட்டிலேயே இருப்பது நலம். கட்டிலில் உட்காருவதும், கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்க்க விரும்புவதும் அறவே கூடாது.

சூளையும் புண்ணும்

நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெண்களிமண் இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. சூளை வேலை அறிந்தவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். பீங்கானை 1200 டிகிரி வெப்பத்துக்கும் மேலே சுடுகிறோம். சுட்டு முடித்ததும் சூளையை உடனே திறந்துவிட்டால் என்ன ஆகும்? குளிர்காற்றுப் பட்டுப் பாத்திரம் வெடித்துவிடும். களிமண் பிசைந்தவர், அச்சு வார்த்தவர், மெருகு பூசியவர் எல்லோருடைய உழைப்பும் வீணாகும். ஆகையால் சூளைக்காரர் ஆறும்வரை காத்திருக்கிறார். அக்காத்திருப்பும் வேலையைச் சேர்ந்ததே.

புண்ணும் அப்படித்தான் ஆற வேண்டும். மருத்துவரின் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. ஆறவிடும் வேலையோ பல வாரங்கள் நடக்கிறது. அதில் பெரும்பகுதி நம் வீட்டில், நம் பொறுப்பில் நடக்கிறது. அங்கேதான் நாம் தவறுகிறோம்.

எங்கள் தாய்மாமன் ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஊரில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கட்டை அவிழ்த்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. "உடம்புச் சூடுதான்" என்று நாங்கள் நான்கு நாட்கள் கஷாயம் கொடுத்தோம். மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது தையலுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. புண்ணைத் திறந்துவிட்டு நாள்தோறும் கட்டுக் கட்டினார்கள். அவர் பிழைத்தார். ஆனால் அவ்வாண்டு நடவு போயிற்று. உழவு மாடு ஒன்றும் விற்கப்பட்டது. அறுவைச் சிகிச்சையால் அவருக்கு அக்கேடு வரவில்லை. எங்கள் யோசனைகளால் வந்தது.

ஆகவே சிலவற்றை மனத்தில் கொள்வோம். புண்ணின் மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய், காப்பித் தூள் எதனையும் வைக்கக் கூடாது. எப்பொழுது குளிக்கலாம், எப்பொழுது கட்டு மாற்ற வேண்டும், என்று தையல் பிரிக்க வேண்டும் என்பதை வீடு திரும்புமுன் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்த மாத்திரைகளை வலி நின்றதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும். காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், நீரோ சீழோ கசிதல், நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே காட்ட வேண்டும். ஒரு மாதம் வரையிலும் இவை தோன்றக்கூடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது. 2008 ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் வண்டியை அழைத்துவிட வேண்டும்.

உணவும் நடையும்

பருப்புச் சேர்த்தால் சீழ் பிடிக்கும், முட்டை தின்றால் புண் ஆறாது என்று சொல்லி, அறுத்துத் தைத்த உடம்புக்கு நாம் வெறும் ரசஞ்சோறு போடுகிறோம். இது பயிர் வளரும் காலத்தில் உரத்தை நிறுத்துவது போன்றது. புண் மூடப் புதிய தசை வளர வேண்டும். அது வளரப் புரதச் சத்து வேண்டும். பருப்பு, முட்டை, மீன், பால், பயறு வகைகள் ஆகியவற்றில் அச்சத்து உண்டு. கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை ஆகியவையும் புண் ஆறத் துணைசெய்யும். ஆயினும் எதனை எப்பொழுது தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். வயிற்றில் அறுவை நடந்திருந்தால், அவர் சொல்லும் முன் கொடுக்கும் ஓர் இட்டிலியும் தீங்காகலாம். நாங்கள் கொண்டுபோன தூக்கு அன்று திறக்கப்படாமலே திரும்பியது. நீரிழிவு உள்ளவருக்குப் பழச்சாறும் இனிப்பும் வாங்கிப்போவதும் அன்பாகாது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் புண் ஆறுவது தாமதமாகும். பீடி, சுருட்டு, புகையிலை ஆகியவையும் அவ்வாறே தடைசெய்யும்.

"அசையாமல் படுத்திருங்கள்" என்று சொல்வதும் நம் வழக்கம். முற்காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இன்று பெரும்பாலான அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். நுரையீரலில் சளி கட்டும். செவிலியர் நடக்கச் சொல்லும்போது நாம் தோள் கொடுக்க வேண்டும். தடுக்கக் கூடாது. ஆனால் நடப்பது வேறு, பாரம் தூக்குவது வேறு. மூட்டை சுமப்பதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் மருத்துவர் அனுமதி தரும்வரை பல வாரங்கள் பொறுக்க வேண்டும்.

பேச்சிலும் அளவு வேண்டும். "இதே சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து ஊர்க்காரர் போய்விட்டார்" என்று படுத்திருப்பவர் முன்னிலையில் சொல்வோர் உண்டு. "உனக்கு ஒன்றுமே இல்லை" என்று வலியால் துடிப்பவரிடம் சொல்வோரும் உண்டு. செவிலியர் பணிக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859 இல் எழுதிய நூலில், நோயாளியைச் சூழ்ந்துகொண்டு பொய்யான தைரியமும் வேண்டாத யோசனையும் சொல்வோரைக் கண்டித்து ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். நம் நாட்டுக்கு வராமலே, இந்தியக் கிராமங்களின் சுகாதாரத்துக்காகப் பல ஆண்டுகள் எழுதிவந்தவர் அவர். பத்து நிமிடம் இருந்து, நல்ல செய்தி ஒன்றைச் சொல்லி, அவர் பேசினால் கேட்டு, எழுந்துவருவதே போதுமானது.

ஊராட்சி செய்யக்கூடியவை

இனி ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். அரசு மருத்துவமனையில் ஏழைக்கு அறுவைச் சிகிச்சை இலவசம். 1994 இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே மருந்துகளும் அங்கே வந்து சேர்கின்றன. அவ்வாறிருந்தும் ஒரு சிகிச்சையோடு குடும்பம் கடன்படுவது ஏன்? கூலி நின்றுவிடுகிறது. கழனி வேலை தவறிவிடுகிறது. போக்குவரத்துக்கும் பார்க்க வருவோருக்கும் செலவாகிறது. இவை மூன்றும் மருத்துவமனைக்கு வெளியே, நம் ஊருக்குள் நடப்பவை. ஆகவே இவற்றைச் சரிசெய்வதும் நம் கையில்தான் இருக்கிறது.

முதலாவதாக, ஊரில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் போனால், நாளொன்றுக்கு இருவர் மட்டும் பார்க்கப் போவது என்று தெருவிலேயே முறை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அவருடைய கழனியையும் மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று ஆள் மாற்றி வேலை செய்வது நமக்குப் புதிதன்று. கலியாணத்துக்கு மொய் எழுதும் ஊர், நோயாளிக்கு ஒரு நாள் உழைப்பை மொய்யாக எழுதக் கூடாதா?

இரண்டாவதாக, குருதிக் கொடையாளர் பட்டியல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் இரத்த வகையுடன் எழுதி வைக்கலாம். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர் குருதி கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அதனால் உழைக்கும் வலிமை குறைந்துவிடாது.

மூன்றாவதாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 இல் இப்பெயரில் தொடங்கி, 2018 இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்த இதில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வழி உண்டு. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கும் குடும்ப அட்டைக்கும் அலைவதைவிட, நோய் வருமுன் அட்டை வாங்கி வைப்பது அறிவுடைமை. கிராம சபை கூடும் நாட்களில் அட்டை இல்லாத குடும்பங்கள் எவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், ஓராண்டில் இக்குறை தீரும்.

நான்காவதாக, சிகிச்சை முடிந்து ஒருவர் ஊர் திரும்பிய அன்றே கிராம சுகாதாரச் செவிலியருக்குச் செய்தி சொல்ல வேண்டும். கட்டு மாற்றுவதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கான மருந்தை வீடு தேடிக் கொண்டுவருகின்றனர். இவ்வளவு இருந்தும், சொல்லாத வீட்டுக்கு உதவி எப்படி வரும்?

எங்கள் சிறிய தந்தையாரின் செய்தியை முடிக்காமல் விடக் கூடாது. அன்று மருத்துவமனை வாசலிலேயே நாங்கள் கூடிப் பேசினோம். சிற்றன்னையாரும் மூத்த மகனும் மட்டும் தங்கினர். மற்றவர்கள் அதே வேனில் ஊர் திரும்பி, வரும் வழியிலேயே ஜிப்சத்துக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் மண்வெட்டியோடு கழனியில் இறங்கினோம். கோபித்துக்கொண்ட பெரிய தந்தையாரே முதல் பாத்தியில் நின்றார். இரண்டாம் நாள் மாலையில் வேலை முடிந்தது. மகனுடைய தொலைபேசியில் அச்செய்தியைச் சொன்னோம். "சரி" என்ற ஒரு சொல்தான் அவரிடமிருந்து வந்தது. அன்றிரவுதான் அவர் நன்றாக உறங்கினார் என்று சிற்றன்னையார் பின்னர் சொன்னார்.

ஐப்பசியில் மணிலா பிடுங்கியபோது அவர் வரப்பில் உட்கார்ந்து மூட்டைகளை எண்ணினார். ஒன்றையும் தூக்க நாங்கள் விடவில்லை. புண் ஆறிவிட்டது, வெள்ளாமையும் தப்பிவிட்டது. நோயுற்றவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறோம் என்று நாம் சொல்கிறோம். அவருடைய புண் ஆறவும் மனம் ஆறவும் எது துணைசெய்யும் என்று புறப்படுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமானால், நம்மில் பலர் வேனில் ஏறாமல் மண்வெட்டியை எடுப்போம். உங்கள் ஊர்களில் இம்முறையைத் தொடங்கி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு இவ்வுரையை முடிக்கிறோம்.